பிக்கப் வண்டியை நெடும்பயணத்துக்குத் தயார் செய்வது: எடைமேடையில் தொடங்கும் ஒரு முழு வழிகாட்டி

பிக்கப் கையில் இருக்கிறது, பின்னால் சாமான் ஏற்றும் காலித் தொட்டி ஒன்று இருக்கிறது, அதில் படுக்கை, அடுப்பு, ஃபிரிட்ஜ், தண்ணீர் எல்லாம் ஏற்றிக்கொண்டு ஓரிரு வாரம் ரோடு இல்லாத இடங்களுக்குப் போய் வர வேண்டும். இந்த ஆசை வந்ததும் எல்லோரும் முதலில் செய்வது சாமான் வாங்குவது. நானும் அதைத்தான் செய்தேன். கூரைக் கூடாரம், இரும்பு பம்பர், வின்ச் (சிக்கிய வண்டியைக் கயிறு சுற்றி இழுக்கும் மோட்டார் உருளை), இழுப்பறைகள், இரண்டாவது பேட்டரி என்று ஒவ்வொன்றாகச் சேர்த்து, எல்லாம் முடிந்த பிறகு சும்மா ஒரு ஆர்வத்தில் எடைமேடையில் ஏற்றினால், தண்ணீரும் ஆளும் ஏறுவதற்கு முன்பே அனுமதித்த எடைக்கு 60 கிலோதான் பாக்கி. நான் ஒருவனே அதைவிட அதிகம்.

அதனால் இந்த வழிகாட்டி எடையில்தான் தொடங்குகிறது. பிடிக்காவிட்டாலும் இந்தப் பகுதியைத் தாண்டிப் போகாதீர்கள், ஏனென்றால் மற்ற முடிவுகள் எல்லாம் இதில்தான் தொங்குகின்றன.

முதலில் எடைக் கணக்கு

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கரோ தகடோ இருக்கும். அதில் மொத்த எடை வரம்பும், பெரும்பாலும் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் தனித்தனி வரம்பும் போட்டிருக்கும். மொத்த வரம்பிலிருந்து வண்டியின் வெறும் எடையைக் கழித்தால் வருவது நீங்கள் ஏற்றக்கூடிய சுமை. வரம்பு 3,000 கிலோ, வெறும் வண்டி 2,050 கிலோ என்றால் கையில் இருப்பது 950. கேட்க நிறையத்தான் இருக்கிறது. அதில் ஓட்டுநரும் சேர்த்தி, பயணிகளும் சேர்த்தி, பம்பரும் சேர்த்தி என்பதுதான் பலருக்கு மறந்துபோகிறது.

ஒரு நோட்டில் எழுதிப் பாருங்கள். இரண்டு பேர் 150. பின்தொட்டிக்கு மேல் வைக்கும் கூண்டு, அதாவது கேனப்பி, ஃபைபர் என்றால் 80 கிலோ பக்கம். கூரைக் கூடாரம் 50 முதல் 80. இரும்பு பம்பரும் வின்ச்சும் சேர்ந்து 90 முதல் 100. ஃபிரிட்ஜ் உள்ளே இருப்பதோடு 35. தண்ணீர் ஒரு லிட்டருக்கு ஒரு கிலோ, அதில் பேரமே இல்லை, 60 லிட்டர் என்றால் 60 கிலோ. டீசல் லிட்டருக்குச் சுமார் 0.84 கிலோ. பிளைவுட் மேடையும் இழுப்பறையும் 50 முதல் 70. கருவிப் பெட்டி, ஜாக்கி, இழுகயிறு, நாற்காலி, மேசை, துணிமணி, சமையல் சாமான்... 950 எங்கே போனது என்றே தெரியாது. வரம்பில் குறைந்தது நூறு கிலோவாவது மிச்சம் வையுங்கள், பாதியில் ஒருவரை ஏற்றிக்கொள்ளவோ கூடுதல் தண்ணீர் எடுக்கவோ அது வேண்டும்.

எடை எவ்வளவு என்பதைப் போலவே எங்கே என்பதும் முக்கியம். பின் அச்சுக்குப் பின்னால் தொங்கும் எடை நெம்புகோல் மாதிரி வேலை செய்யும். அச்சுகளுக்கு இடையே 3.1 மீட்டர் இருக்கும் வண்டியில், பின் அச்சிலிருந்து ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ வைத்தால் பின் அச்சில் ஏறுவது 132 கிலோ, முன் அச்சில் 32 கிலோ குறையும். முன்னால் எடை குறைந்தால் ஸ்டியரிங்கும் பிரேக்கும் பிடிப்பை இழக்கும். இரட்டை கேபின் பிக்கப்பில் தொட்டியின் பெரும்பகுதி பின் அச்சுக்கு மேலும் பின்னாலும்தான் இருக்கிறது. மேடுபள்ளத்தில் இப்படி ஏற்றிக்கொண்டு வேகமாகப் போய்த்தான் கேபினுக்கும் தொட்டிக்கும் இடையில் சேஸி, அதாவது வண்டியின் அடிச்சட்டம், வளைகிறது. தண்ணீர், பேட்டரி, கருவிப் பெட்டி இந்த மூன்றும் கேபினை ஒட்டி, தரையோடு தரையாக இருக்கட்டும். பின்கதவுப் பக்கம் படுக்கைத் துணி, நாற்காலி மாதிரி லேசான சாமான் போதும்.

கூரைக்குத் தனி வரம்பு உண்டு. வண்டி ஓடும்போது தாங்கும் எடை வேறு, நிற்கும்போது தாங்கும் எடை வேறு. கூடாரத்தில் இரண்டு பேர் படுப்பது நிற்கும்போதுதான், அதனால் தாங்கிவிடுகிறது. ஓடும்போது உள்ள வரம்பில் கூடாரம், அதைத் தாங்கும் கம்பி எல்லாம் சேர்த்துதான் கணக்கு.

இன்னொன்று, இதைச் சொல்லித்தருபவர்கள் குறைவு: பிக்கப்பில் கேபினும் தொட்டியும் சேஸியின் மேல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கின்றன. கரடுமுரடான பாதையில் சேஸி முறுக்கும்போது இரண்டும் தனித்தனியே ஆடும். கேபின் கூரையிலிருந்து தொட்டி வரைக்கும் ஒரே கம்பிச் சட்டம் போட்டு இறுக்கினால் ஏதாவது ஒரு பக்கம் விரிசல் விடும். ஒன்றில் மட்டும் பொருத்துங்கள்.

அப்புறம் டயர், ஸ்பிரிங்

பணம் குறைவாக இருந்தால் டயருக்கு மட்டும் செலவழியுங்கள், மற்றதெல்லாம் காத்திருக்கலாம். ஆல் டெரெய்ன், அதாவது தார் ரோட்டுக்கும் கரடுமுரடுக்கும் பொதுவான வகை போதும். சேற்று டயர் பார்க்க முரட்டழகாக இருக்கும், ஆனால் உங்கள் பயணத்தில் பெரும்பகுதி தார் ரோட்டில்தான், அங்கே அது சத்தம் போடும், ஈரத்தில் வழுக்கும், டீசலையும் குடிக்கும். அளவுக்கு அடுத்து பார்க்க வேண்டியது டயர் ஓரத்தில் எழுதியிருக்கும் சுமைக் குறியீடு. 112 என்றால் ஒரு டயர் 1,120 கிலோ தாங்கும், 115 என்றால் 1,215. வண்டியோடு வந்ததைவிடக் குறைந்த எண்ணைப் போடவே கூடாது. ஸ்டெப்னியும் அதே அளவில் முழு டயராக இருக்க வேண்டும்.

காற்றைக் குறைப்பதுதான் ரோடு இல்லாத இடத்தில் மிகப் பெரிய வித்தை, செலவும் கிடையாது. டயர் தரையில் நீளமாகப் படிந்து பிடிப்புக் கூடும், குலுக்கல் குறையும். தார் ரோட்டில் 35 பி.எஸ்.ஐ. ஓட்டுபவர் சரளைப் பாதையில் 26 முதல் 28, மணலில் 16 முதல் 18 என்று தொடங்கலாம். பின்னால் சுமை அதிகம் என்றால் பின் டயரில் இரண்டு மூன்று கூட்டி வையுங்கள். 12-க்குக் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிடலாம். காற்றுக் குறைத்துவிட்டு வேகம் போகக் கூடாது, டயர் சூடாகி உள்ளேயே கிழியும். கெட்டியான தரை வந்ததும் திரும்ப அடித்துவிட வேண்டும், அதற்கு நல்ல கம்ப்ரஸர் தேவை. சிகரெட் லைட்டர் துளையில் செருகும் பொம்மை வேண்டாம், நேரே பேட்டரியில் கவ்விப் பிடிப்பது வாங்குங்கள். பஞ்சர் ஒட்டும் கயிறும் ஊசியும் கூடவே இருக்கட்டும், வீட்டு வாசலில் ஒரு பழைய டயரில் குத்திப் பழகிக்கொள்ளுங்கள்.

ஸ்பிரிங் விஷயத்தில் ஒரு ஏமாற்றம் காத்திருக்கிறது. பின்னால் பட்டை பட்டையாக அடுக்கியிருக்கும் லீஃப் ஸ்பிரிங்கைக் கனமாகப் போட்டால் வண்டி நிமிர்ந்து நிற்கும், ஆனால் மொத்த எடை வரம்பு தானாகக் கூடாது. பிரேக், அச்சு, சேஸி எல்லாம் பழையதுதானே. எப்போதும் வண்டியில் இருக்கப்போகும் எடை எவ்வளவு என்று தெரிந்த பிறகுதான் ஸ்பிரிங்கைத் தேர்ந்தெடுக்க முடியும். 300 கிலோவுக்கான ஸ்பிரிங்கைப் போட்டுவிட்டு வண்டியைக் காலியாக ஓட்டினால் முதுகு சொல்லும். லீஃப் ஸ்பிரிங்குக்கும் சேஸிக்கும் நடுவே காற்றுப் பை வைத்துத் தூக்குவது சுலபமான வழி என்று சொல்வார்கள். அது சுமையைச் சேஸியின் ஒரே புள்ளியில் குவிக்கிறது. அதிக எடையோடு இதைச் செய்து சேஸி வளைந்த வண்டிகள் நிறைய உண்டு. ஸ்பிரிங் மாற்றினால் ஷாக் அப்சார்பரையும் சேர்த்து மாற்றுங்கள்.

எங்கே படுப்பது

மூன்று வழி: தரையில் கூடாரம், கூரையில் கூடாரம், கேனப்பிக்குள் படுக்கை. தரைக் கூடாரத்தை யாரும் மதிப்பதில்லை, ஆனால் லேசானது, மலிவானது, அதை அப்படியே விட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போகலாம். கூரைக் கூடாரம் வசதிதான், தரை எப்படி இருந்தாலும் கவலையில்லை. ஆனால் வண்டியின் உச்சியில் அறுபது எழுபது கிலோ ஏறி உட்கார்ந்தால் பக்கச் சரிவில் அது தெரியும், காற்றை எதிர்த்து ஓடும்போது எரிபொருளும் தெரியும். நடுராத்திரி ஏணியில் இறங்குவது எப்படி என்று வாங்குவதற்கு முன் யோசியுங்கள், நாற்பதைத் தாண்டியவர்கள் இரண்டு முறை யோசியுங்கள்.

என் தேர்வு கேனப்பிக்குள். மழையில் நனையாமல் படுக்கலாம், சந்தேகமான இடம் என்றால் கூடாரம் மடிக்காமல் கிளம்பலாம். சிக்கல் நீளம்தான். இரட்டை கேபின் வண்டியில் தொட்டி ஒன்றரை மீட்டர் பக்கம்தான் வரும், அதனால் பின்கதவைத் திறந்துவைத்து அதன்மேல் மேடையை நீட்டி, கேனப்பியிலிருந்து ஒரு துணி மறைப்பைத் தொங்கவிட வேண்டியிருக்கும். தனியாகப் போகிறவர் மூலைக்கு மூலை குறுக்காகப் படுத்துச் சமாளிக்கலாம். மேடையை அறுப்பதற்கு முன் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்து விரித்து, அதில் படுத்து, உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்தால் தலை இடிக்கிறது என்பது பிளைவுட் அறுத்த பிறகு தெரிந்தால் அழுகைதான் வரும்.

12 மி.மீ. பிளைவுட் போதும், அடியில் சரியாகச் சட்டம் கொடுத்தால் தாராளமாகத் தாங்கும். எட்டுக்கு நாலு அடித் தாள் ஒன்று 12 மி.மீ.யில் ஏறக்குறைய 24 கிலோ, 18 மி.மீ.யில் 36. தடியாகப் போட்டால் உறுதி என்று நினைத்து மூன்று தாள் வாங்கினால் ஒன்றுமில்லாததற்கு 36 கிலோ கூடும். இழுப்பறையை விடப் பிளாஸ்டிக் பெட்டிகளைத் தள்ளி எடுப்பது லேசு, பாதி விலைகூட வராது.

தொட்டியின் தரையில் துளை போட வேண்டி வந்தால் முதலில் கீழே படுத்துப் பாருங்கள். பிரேக் குழாய், எரிபொருள் குழாய், வயர் கட்டு எல்லாம் அங்கேதான் ஓடுகின்றன. முடிந்தவரை ஏற்கெனவே உள்ள கொக்கிகளிலும் போல்ட் துளைகளிலும் பொருத்துங்கள். புதுத் துளை என்றால் அடியில் அகலமான வாஷர், லாக் நட், துளை ஓரத்தில் துரு தடுக்கும் பெயின்ட். தகட்டுக்கு மேல் வெறும் ஸ்க்ரூ போட்டால் குலுக்கலில் பிய்த்துக்கொண்டு வரும்.

புழுதியும் ஈரமும் பாக்கி. வண்டி ஓடும்போது பின்பக்கம் காற்றழுத்தம் குறைந்து பின்கதவு இடுக்கு வழியாகப் புழுதியை உள்ளே உறிஞ்சும். ரப்பர் சீல் ஒட்டுங்கள், கூடவே கேனப்பியின் முன் மேல்பகுதியில் காற்று உள்ளே வர ஒரு வழி வையுங்கள், உள்ளே அழுத்தம் கூடினால் புழுதி வராது. இரவில் மூச்சின் ஈரம் கூரையில் படிந்து விடியும்போது முகத்தில் சொட்டும். குளிராக இருந்தாலும் எதிரெதிரே இரண்டு ஜன்னல் ஒரு விரல் திறந்திருக்கட்டும், கொசுவலையோடு.

மின்சாரம்: எல்லோரும் தடுக்கி விழும் இடம்

முதலில் உங்கள் செலவைக் கணக்கிடுங்கள். 45 லிட்டர் ஃபிரிட்ஜ் மிதமான வெயிலில் நாளுக்குச் சுமார் 30 ஆம்பியர்-மணி (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அலகு) எடுக்கும், கடும் வெயிலில் 45 வரை போகும். எல்.இ.டி. விளக்கு ஒரு மாலைக்கு இரண்டு மூன்று. ஃபோன், கேமரா, லேப்டாப் சேர்த்து 10. ஆக 45 முதல் 60 என்று வைத்துக்கொள்ளலாம்.

100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். (மூடிய வகை ஈய-அமில) பேட்டரியில் பாதியைத்தான் எடுக்கலாம், அதற்கு மேல் எடுத்தால் அதன் ஆயுள் குறையும். எடையும் 30 கிலோ பக்கம். அதே அளவு லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் 80 சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம், எடை 12 கிலோ சுற்றி. விலை அதிகம்தான், ஆனால் எடைக் கணக்கு எழுதிய நோட்டைத் திறந்தால் எதை வாங்குவது என்று தெரிந்துவிடும். ஒரே எச்சரிக்கை, பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே லித்தியத்தை சார்ஜ் செய்யக் கூடாது. குளிரில் தானாக சார்ஜை நிறுத்தும் பாதுகாப்புச் சுற்று உள்ளதைப் பார்த்து வாங்குங்கள்.

என்ஜின் பேட்டரியோடு இதை நேரே இணைத்துவிடாதீர்கள். புது வண்டிகளின் ஆல்டர்னேட்டர் (என்ஜின் சுழற்றும் மின் உற்பத்திக் கருவி) எரிபொருள் மிச்சம் பிடிக்க வோல்டேஜைக் குறைத்துக்கொள்ளும், இரண்டாவது பேட்டரி நிறையவே நிறையாது. இல்லையென்றால் காலி லித்தியம் ஒரேயடியாக மின்னோட்டத்தை இழுத்து ஆல்டர்னேட்டரைச் சூடாக்கும். நடுவில் ஒரு டிசி-டிசி சார்ஜர் வேண்டும், வோல்டேஜையும் மின்னோட்டத்தையும் இரண்டாவது பேட்டரிக்கு ஏற்றபடி அது சரிசெய்து கொடுக்கும். 25 ஆம்பியர் சார்ஜர் என்றால் இரண்டு மணி நேரம் ஓட்டினால் ஏறக்குறைய ஒரு நாள் செலவு திரும்பி வந்துவிடும். தினமும் ஓட்டுபவருக்கு சோலார் தேவையே இல்லை. ஒரே இடத்தில் மூன்று நாள் தங்குபவருக்குத் தேவை. 200 வாட் பேனல் நல்ல வெயில் நாளில் நடைமுறையில் 600 முதல் 700 வாட்-மணி தரும், அதாவது 50 ஆம்பியர்-மணி. கூரையில் ஒட்டிய பேனலுக்காக வண்டியை வெயிலில் நிறுத்திவிட்டு நீங்கள் உள்ளே வேக வேண்டும். மடக்குப் பேனலை நீள வயரோடு வெயிலில் போட்டுவிட்டு வண்டியை நிழலில் நிறுத்துவதுதான் எனக்குச் சரிப்பட்டது.

இப்போது வயர். என் ஃபிரிட்ஜ் ஒவ்வொரு விடியற்காலையிலும் அணைந்து கிடக்கும். பேட்டரி கெட்டுவிட்டது என்று முடிவுகட்டிப் புதிது வாங்கினேன், மறுபடியும் அணைந்தது. கடைசியில் பார்த்தால் குற்றவாளி மெல்லிய வயரும் லைட்டர் துளையும். 2.5 சதுர மி.மீ. வயரில் ஐந்து மீட்டர் தூரத்துக்கு, போக வர பத்து மீட்டர், 10 ஆம்பியர் ஓடினால் 0.7 வோல்ட் வழியிலேயே தொலைந்துபோகும். பேட்டரியில் சார்ஜ் இருந்தாலும் வோல்டேஜ் போதாது என்று ஃபிரிட்ஜ் தன்னை அணைத்துக்கொள்ளும். அதே தூரத்துக்கு 6 சதுர மி.மீ. போட்டால் இழப்பு 0.3. டிசி-டிசி சார்ஜருக்கு முன்னாலிருந்து போகும் வயர் 16 சதுர மி.மீ. இருக்கட்டும். வாங்கும்போது சதுர மில்லிமீட்டர் என்று கேட்டு வாங்குங்கள், வண்டி வயர்களில் சிலவற்றுக்குப் பிளாஸ்டிக் உறையோடு சேர்த்த விட்டத்தைத்தான் எண்ணாகச் சொல்வார்கள், உள்ளே தாமிரம் குறைவாக இருக்கும். ஃபிரிட்ஜுக்கு லைட்டர் பிளக்கை வெட்டிவிட்டு ஆண்டர்சன் பிளக் (அதிக மின்னோட்டம் தாங்கும், இறுக்கிப் பிடிக்கும் இணைப்பான்) போடுங்கள், குலுக்கலில் கழலாது.

ஃபியூஸ் காப்பாற்றுவது சாதனத்தை அல்ல, வயரை. அதனால் அது பேட்டரியிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் பேட்டரி இருக்கும் வயருக்கு இரண்டு முனையிலும் ஃபியூஸ். தகட்டில் துளைத்து வயரைக் கொண்டுபோகும் ஒவ்வொரு இடத்திலும் ரப்பர் வளையம். இதில் சோம்பல் பட்டால் வண்டியே எரியும்.

தண்ணீர், அடுப்பு

குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு நாளுக்கு 5 லிட்டர், வெயிலில் அதற்கும் மேல். ஒரே பெரிய தண்ணீர்த் தொட்டியைவிட 20 லிட்டர் கேன் மூன்று நல்லது. ஒன்று ஒழுகினாலும் இரண்டு மிஞ்சும், இறக்கித் தூக்கிக்கொண்டுபோய் நிரப்பலாம்.

கேனப்பிக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ அடுப்புப் பற்றவைக்காதீர்கள், கரி அடுப்பை அணைத்துவிட்டுக்கூட உள்ளே வைக்காதீர்கள். கார்பன் மோனாக்ஸைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். அதற்கான அலாரம் ஒன்று படுக்கைப் பக்கம் இருக்கட்டும். சமையல் கேஸ் காற்றைவிடக் கனம், கசிந்தால் தரையில் தேங்கும். சிலிண்டரை வெளியே, அல்லது அடியில் துளையுள்ள பெட்டியில் வையுங்கள். குளிர் இடத்துக்குப் போகிறவர்கள் வெறும் பியூட்டேன் டப்பாவை நம்ப வேண்டாம், உறைநிலைக்குப் பக்கத்தில் அது ஆவியாகாது, அடுப்பு எரியாது.

சிக்கினால் வெளியே வர

வாங்கும் வரிசை இது: மண்வெட்டி, காற்றழுத்தமானி, மணலில் டயருக்கு அடியில் போடும் பலகை இரண்டு, இழுகயிறு, அப்புறம்தான் வின்ச். பெரும்பாலான சிக்கல்கள் காற்றைக் குறைத்து, டயருக்கு முன்னால் தோண்டி, பலகை போடுவதிலேயே முடிந்துவிடும்.

இன்னொரு வண்டி இழுப்பதாக இருந்தால் நீளும் கயிறு வேறு, நீளாத கயிறு வேறு. ஓட்டம் கொடுத்து வெட்டி இழுப்பதற்கு நீளும் வகைதான், நீளாததில் அப்படி இழுத்தால் ஏதாவது பிய்ந்து பறக்கும். டிரெய்லர் மாட்டும் உருண்டையில் கயிற்றைப் போட்டு இழுக்கவே கூடாது. அது உடைந்து பீரங்கிக் குண்டு மாதிரி வந்து உயிர்கள் போயிருக்கின்றன. கப்பலிலும் லாரியிலும் கட்டி ஏற்றுவதற்காகக் கொடுத்திருக்கும் வளையங்களும் இழுக்கும் இடம் அல்ல. முன்னும் பின்னும் சேஸியில் போல்ட் போட்ட, சுமை எழுதிய கொக்கி பொருத்துங்கள். இழுக்கும்போது வேடிக்கை பார்ப்பவர்களைக் கயிற்றின் நீளத்துக்கும் மேல் தள்ளி நிற்கச் சொல்லுங்கள்.

வின்ச் வாங்கினால் அதன் இழுவைத் திறன் வண்டியின் மொத்த எடையைப் போல ஒன்றரை மடங்கு இருக்கட்டும். 3,000 கிலோ வண்டிக்குப் பத்தாயிரம் பவுண்டு, அதாவது சுமார் 4,500 கிலோ அளவு சரியாக வரும். டப்பாவில் போட்டிருக்கும் இழுவைத் திறன், கயிறு உருளையின் முதல் சுற்றில் இருக்கும்போது மட்டும்தான், சுற்று ஏற ஏறக் குறையும். இரும்புக் கயிற்றுக்குப் பதில் செயற்கை இழைக் கயிறு என்றால் வண்டியின் மூக்கில் பத்து கிலோ மிச்சம்.

மற்றவை, சுருக்கமாக

எரிபொருள் கேனைத் தொட்டிக்குள் வைத்தபடியே நிரப்பாதீர்கள். பிளாஸ்டிக் விரிப்பின் மேல் நிலைமின்சாரம் சேர்ந்து பொறி கிளம்பலாம், தரையில் இறக்கி வைத்து நிரப்புங்கள். தீயணைப்பான் ஓட்டுநர் கைக்கெட்டும் தூரத்தில், பின்னால் சாமானுக்கு அடியில் அல்ல. முதலுதவிப் பெட்டி, ஒரு ஃபேன் பெல்ட், ஃபியூஸ்கள், ஆயில், எரிபொருள் ஃபில்டர், உங்கள் வண்டிக்குப் பொருந்தும் ஸ்பேனர் மட்டும். வரைபடத்தை இரண்டு கருவியில் இறக்கி வையுங்கள். சிக்னல் இல்லாத இடத்துக்குத் தனியாகப் போகிறவர்களுக்கு செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவி கூரைக் கூடாரத்தைவிட முக்கியம். பம்பர், ஸ்பிரிங், டயர் அளவு மாற்றுவதற்கு முன் உங்கள் நாட்டுச் சட்டத்தையும் காப்பீட்டுப் பத்திரத்தையும் படியுங்கள், சொல்லாமல் செய்த மாற்றத்தைக் காட்டி இழப்பீட்டை மறுக்கலாம்.

கட்டுவதில் அலட்சியம் வேண்டாம். பலமாகப் பிரேக் அடித்தால் ஒரு பொருள் தன் எடையில் முக்கால் பங்குக்கு மேலான விசையோடு முன்னால் வரும், மோதினால் அதைப்போலப் பல மடங்கு. 35 கிலோ ஃபிரிட்ஜை ராட்செட் பட்டை (கைப்பிடியால் முடுக்கி இறுக்கும் பட்டை) போட்டுக் கொக்கியில் கட்டுங்கள், ரப்பர் கயிற்றில் அல்ல.

வெள்ளோட்டம்

பெரிய பயணத்துக்கு முன் இரண்டு இரவு பக்கத்தில் எங்காவது போய்த் தங்குங்கள், முடிந்தால் மழை நாளில். தண்ணீர் எங்கே ஒழுகுகிறது, இருட்டில் டார்ச் எங்கே, தேநீர் போட எத்தனை பெட்டியை இறக்க வேண்டியிருக்கிறது என்பதெல்லாம் அங்கேதான் தெரியும். முதல் நூறு கிலோமீட்டர் சரளைப் பாதைக்குப் பிறகு எல்லா நட்டுகளையும் ஒருமுறை முடுக்குங்கள். முடுக்கிய நட்டின் மேல் மார்க்கரில் ஒரு கோடு போட்டுவிட்டால் அடுத்த முறை தளர்ந்திருக்கிறதா என்று பார்வையிலேயே தெரியும்.

திரும்பி வந்ததும் இரண்டு இரவும் தொடாத சாமானையெல்லாம் இறக்குங்கள், முதலுதவியும் கருவியும் தவிர. பிறகு டேங்க் நிறைய டீசல், கேன் நிறையத் தண்ணீர், போகப்போகிற எல்லோரும் உள்ளே என்று எடைமேடையில் ஏற்றி, முன் அச்சு தனியாக, பின் அச்சு தனியாக, அப்புறம் முழு வண்டி என்று மூன்று சீட்டு வாங்குங்கள். என் வண்டியில் அந்தச் சீட்டுகளைக் கதவுத் தூண் ஸ்டிக்கருக்குப் பக்கத்திலேயே ஒட்டி வைத்திருக்கிறேன். இரும்பு பம்பரைக் கழற்றிய பிறகு வாங்கிய சீட்டு அது.